வாப்பாவின் குளிசைகளுக்கு யார் கணக்கு வைப்பது?

பெருநாளைக்கு வாங்கிய பிஸ்கட் டின் நம் வீடுகளில் வீணாகப் போவதில்லை. சில வீடுகளில் அதில் ஊசியும் நூலும் இருக்கும். வயது சென்ற வாப்பாவோ உம்மாவோ இருக்கும் வீடுகளில் அதில் குளிசைகள் இருக்கும்.

சகோதரிகளே, அந்த டின்னை இன்று ஒருமுறை திறந்து பாருங்கள். கண்டி தேசிய வைத்தியசாலைக் கிளினிக்கில் தந்த சிறு கடதாசி உறைகள் ஒரு பக்கம். மாலையில் செனல் செய்த நிபுணர் எழுதிய குளிசை அட்டைகள் இன்னொரு பக்கம். சளிக்கு ஊர் டொக்டர் தந்த மருந்து, துண்டு இல்லாமலே பாமசியில் வாங்கிய தலைச்சுற்றுக் குளிசை, கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய சத்து மாத்திரை, நாட்டு வைத்தியர் கொடுத்த சூரணம் என்று எத்தனை! ஐந்தாறு வாசல்களால் வந்த மருந்துகள் ஒரே டின்னில் கிடக்கின்றன. போய்ச் சேருவதும் ஒரே வயிற்றில்தான். ஆனால் தந்தவர்களில் ஒருவருக்கும் மற்றவர் என்ன தந்தார் என்பது தெரியாது.

எந்த நோயிலும் இது கவலைக்குரிய விடயம். பார்கின்சன் எனப்படும் நடுக்குவாத நோயிலோ இது நடக்கிற மனிதரைப் படுக்கையில் தள்ளிவிடக்கூடிய விடயம். அந்த டின்னின் சாவி பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆகவேதான் இக்கட்டுரை உங்களுக்காக எழுதப்படுகிறது.

கை நடுக்கம் மட்டுமா?

1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் விழாவில் சுடரேற்ற வந்த முஹம்மத் அலியின் கை நடுங்கியதை உலகமே பார்த்தது. குத்துச்சண்டை மேடையில் வண்ணத்துப்பூச்சியாகப் பறந்த மனிதர் அவர். 1984இல் அவருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. 2016இல் வபாத்தாகும்வரை முப்பது வருடங்களுக்கு மேலாக அவர் அதனோடு வாழ்ந்தார்.

இந்நோயை 1817இல் தனிநூலாக எழுதி விளக்கியவர் ஜேம்ஸ் பார்கின்சன் என்ற இலண்டன் வைத்தியர். மூளையின் ஆழத்தில் டொபமீன் என்ற பொருளைச் சுரக்கும் கலங்கள் சிறுகச் சிறுக அழிந்து போவதால் இந்நோய் வருகிறது. நடுக்கம் அதன் ஓர் அடையாளம் மட்டுமே. சட்டைப் பொத்தானைப் பூட்ட நெடுநேரம் எடுப்பது, நடை குறுகிப்போவது, உடல் விறைப்பது, முகத்தில் சிரிப்பு மறைவது, குரல் தாழ்வது, மலச்சிக்கல், நித்திரைக் குழப்பம் ஆகியவையும் அதைச் சேர்ந்தவையே. ‘வாப்பா முன்போல முகம் கொடுத்துப் பேசுவதில்லை’ என்று மனம் நோகும் பிள்ளைகள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

நேரம் தவறக்கூடாத குளிசை

இந்நோய்க்குப் பிரதான மருந்து லெவோடோபா. உடலுக்குள் சென்று மூளையில் டொபமீனாக மாறுவது அதுதான். இம்மருந்தின் வரலாற்றில் நம் பக்கத்துக்கும் ஒரு பங்குண்டு. பூனைக்காலி என்று நாம் சொல்லும் கொடியின் விதையில் இதே லெவோடோபா இருப்பதை 1937இல் சென்னையில் தாமோதரன், ராமசுவாமி என்ற இருவர் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அது நடுக்குவாதத்துக்குப் பயன்படும் என்பது அன்று உலகுக்குத் தெரியாது. மூளையில் டொபமீனின் வேலையைச் சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன் 1950களின் பிற்பகுதியில் கண்டறிந்தார். அதற்காக 2000ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. லெவோடோபாவைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்தால் நோயாளர் எழுந்து நடப்பதை 1967இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் கொட்சியாஸ் காட்டினார்.

லெவோடோபாவைத் தனியே விழுங்கினால் அது மூளையை அடையுமுன்பே பெரும்பகுதி சிதைந்துவிடும். ஓங்காளமும் சத்தியும் வரும். அதைத் தடுக்கவே கார்பிடோபா அல்லது பென்சராசைட் என்ற துணை மருந்தைச் சேர்த்தே குளிசை செய்கிறார்கள்.

இம்மருந்து இரத்தத்தில் நீண்ட நேரம் தங்குவதில்லை. ஒன்றரை மணித்தியாலத்தில் அதன் அளவு பாதியாகக் குறைந்துவிடும். நோயின் ஆரம்பத்தில் இது பெரிதாகத் தெரியாது. ஆண்டுகள் செல்லச் செல்ல, அடுத்த குளிசைக்கு முன்பே கால் கட்டிப்போகும். அந்த நிலையை அடைந்தவருக்கு அரை மணி நேரத் தாமதமும் பெரிய தாமதம்தான். ‘சமையலை முடித்துவிட்டுத் தருகிறேன் வாப்பா’ என்ற வார்த்தையின் விலை அவர் மலசலகூடத்துக்குப் போக முடியாமல் கட்டிலில் கிடப்பதாக இருக்கலாம்.

ஒரு மாமியின் கதை

அக்குறணையில் ஒரு மாமி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுக்குவாதம் என்று கண்டு, லெவோடோபா குளிசை நாளைக்கு மூன்று எழுதப்படுகிறது. கார்பிடோபா குறைவாக உள்ள குளிசை அது. ஆகவே மாமிக்கு ஓங்காளம். மகள் பக்கத்து டொக்டரிடம் அழைத்துப் போகிறாள். நடுக்குவாதக் குளிசையைப் பற்றி அங்கே யாரும் சொல்லவில்லை. அவர் சத்திக்கு வழமையாகத் தரும் மெட்டோகுளோப்ரமைட் தருகிறார். மெக்சலோன் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த மருந்துதான்.

ஓங்காளம் நின்றது. ஆனால் அந்த மருந்து மூளையில் டொபமீனின் வாசலையே அடைத்துவிடும் என்பது வீட்டாருக்குத் தெரியாது. சில வாரங்களில் மாமியின் உடல் மேலும் விறைக்கிறது. ‘நோய் முற்றிவிட்டது’ என்று எண்ணி இன்னொரு நிபுணரைச் செனல் செய்கிறார்கள். அவர் லெவோடோபாவைக் கூட்டி, பென்ஹெக்சோலையும் சேர்க்கிறார். மாமிக்கு மறதியும் குழப்பமும் தொடங்குகின்றன. இரவில் ஹோலில் சின்னப் பிள்ளைகள் நிற்பதாகச் சொல்கிறார். அதற்கு ஒருவர் ஹலோபெரிடோல் தருகிறார். அதுவும் டொபமீனை அடைக்கும் மருந்தே. மாமி படுக்கையில் விழுந்துவிட்டார்.

யாரும் கெட்ட எண்ணத்தில் மருந்து தரவில்லை. ஒவ்வொருவரும் தம் கண்ணுக்குப் பட்ட குறைக்குத்தான் மருந்து தந்தார்கள். முதல் நாளே முழுப் பட்டியலும் ஒரு வைத்தியர் கையில் இருந்திருந்தால், ஓங்காளத்துக்குத் துணை மருந்து கூடிய குளிசையை மாற்றிக் கொடுத்தோ, சிறிது பிஸ்கட்டுடன் எடுக்கச் சொல்லியோ விடயம் முடிந்திருக்கும்.

ஒரே மருந்து, இரண்டு பெயர்

பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்த பேராசிரியர் சேனக பிபிலேயை நம் நாடு மறக்கக்கூடாது. 1971இல் டொக்டர் எஸ். ஏ. விக்ரமசிங்கவுடன் சேர்ந்து அவர் அளித்த அறிக்கையும், அவ்வாண்டில் உருவான அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனமும் வலியுறுத்தியது ஒன்று: மருந்தைக் கம்பெனி சூட்டிய பெயரால் அல்ல, அதன் மூலப் பெயராலேயே அறிய வேண்டும். அன்று அது பெரிதும் விலையைக் குறைப்பதற்காகச் சொல்லப்பட்டது. நோயாளியின் உயிருக்கும் அது பாதுகாப்பு என்பதை நடுக்குவாதக் குடும்பங்கள் அனுபவத்தில் காணலாம்.

கிளினிக்கில் தரும் உறையில் லெவோடோபா, கார்பிடோபா என்று எழுதியிருக்கும். பாமசியில் வாங்கிய அட்டையில் சிண்டோபா என்றிருக்கும். இன்னொன்றில் சினெமெட் என்றிருக்கும். மூன்றும் ஒரே மருந்து! இரண்டை வேறு வேறு என நினைத்துச் சேர்த்துக் கொடுத்தால் மருந்து இரட்டிப்பாகும். உடல் தானாக நெளிந்து ஆடும், தலைசுற்றும், மனம் குழம்பும்.

இலக்கத்திலும் சிக்கலுண்டு. சிண்டோபா 110 என்றால் 100 மில்லிகிராம் லெவோடோபாவும் 10 மில்லிகிராம் கார்பிடோபாவும். 125 என்றால் அதே 100உடன் 25. சினெமெட் அட்டையிலோ இதையே 25/100 என்று போடுவார்கள். லெவோடோபா ஒன்றாக இருந்தாலும் துணை மருந்து வேறு. நாளொன்றுக்குக் கார்பிடோபா ஏறத்தாழ 70 முதல் 100 மில்லிகிராம் சேராவிட்டால் பலருக்கு ஓங்காளம் நிற்காது. மாமிக்கு நடந்தது இதுதான்.

2022ஆம் ஆண்டின் மருந்துத் தட்டுப்பாட்டை நாம் மறக்கவில்லை. அவ்வாண்டு மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் வழமையான சத்திரசிகிச்சைகளே நிறுத்தப்பட்டன. அப்படியான காலங்களில் கிடைத்த கம்பெனியின் குளிசையை வாங்க நேரிடும். வாங்குவதில் தவறில்லை. பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்து, மூலப் பெயரும் இரு இலக்கங்களும் ஒன்றுதானா என்று மருந்தாளரிடம் கேட்டுவிட்டே கொடுங்கள்.

ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை

கீழே சொல்பவை வைத்தியரிடம் கேட்பதற்காக. இதைப் படித்துவிட்டு எந்தக் குளிசையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்!

சத்தி மருந்து: மெட்டோகுளோப்ரமைட், ஸ்டெமெடில் என்ற பெயரில் வரும் புரோகுளோர்பெரசின் ஆகியவை நடுக்குவாதத்தைக் கூட்டும். அதற்குப் பதிலாகப் பெரும்பாலும் டொம்பெரிடோன் தருவார்கள். ஆனால் இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவருக்கும், எரித்ரோமைசின், கிளரித்ரோமைசின் போன்ற மருந்து எடுப்பவருக்கும் அதிலும் ஆபத்துண்டு.

தலைச்சுற்று மருந்து: ஸ்டுஜெரோன் எனப்படும் சினரிசின், புளுனரிசின் ஆகியவை நீண்டநாள் எடுத்தால், நடுக்குவாதம் இல்லாத வயோதிபருக்கும் அதைப் போன்ற நடுக்கத்தையும் விறைப்பையும் தரவல்லவை. பாமசியில் கேட்டு வாங்கும் பழக்கம் வேண்டாம்.

சளி, இருமல் மருந்து: செலிஜிலீன் அல்லது ரசாஜிலீன் எடுப்பவர், டெக்ஸ்ட்ரோமெத்தோர்பான் உள்ள இருமல் பாணியைக் குடிக்கக்கூடாது. பெதிடின் ஊசியும் ட்ரமடோல் என்ற வலிக் குளிசையும் இவர்களுக்கு ஆகாது. மனச்சோர்வுக்கான மருந்தைச் சேர்ப்பதானால் நிபுணர் அறிந்தே சேர்க்க வேண்டும். சிப்ரோபுளொக்சசின் என்ற கிருமி மருந்து ரசாஜிலீனின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும்.

பென்ஹெக்சோல்: நடுக்கத்தைக் குறைக்கும். வயோதிபருக்கோ வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, மறதி ஆகியவற்றைத் தரலாம். அதன் மேல் தும்மலுக்குப் பிரிட்டோன், நித்திரைக்கு அமிட்ரிப்டிலின் என்று சேர்த்தால் அத்தனையும் பெருகும்.

பிரஷர் குளிசை: நடுக்குவாத மருந்துகளே எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும். அதோடு பிரஷர் குளிசையும், ஆண்களுக்குச் சிறுநீர்ப் பாதைக்குத் தரும் டம்சுலோசின் போன்றவையும் சேர்ந்தால் விழுந்துவிடுவார்கள். ஸுஜூதிலிருந்து எழும்போது தள்ளாடும் வாப்பாவைக் கதிரையில் அமர்ந்து தொழச் சொல்லுங்கள். மார்க்கம் அதற்கு இடமளித்திருக்கிறது. உட்கார்ந்தும் நின்றும் பிரஷர் பார்க்கும்படி கிளினிக்கில் கேளுங்கள்.

பிரமிபெக்சோல், ரோபினிரோல்: சிலருக்குத் திடீர் நித்திரையையும், வேறு சிலருக்கு அடக்கமுடியாத செலவு, சூதாட்டம் போன்ற ஆசைகளையும் தூண்டும். ஒழுக்கமான மனிதர் இப்படி மாறினால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அது மருந்தின் வேலையாக இருக்கலாம். வைத்தியரிடம் சொன்னால் வழியுண்டு.

பூனைக்காலிச் சூரணம்: மேலே சொன்ன அதே லெவோடோபா இதிலும் இருக்கிறது. இயற்கை மருந்துதானே என்று குளிசையோடு சேர்த்தால், அளவு தெரியாத இரண்டாவது லெவோடோபாவைக் கொடுக்கிறீர்கள்.

சோறும் குளிசையும்

இறைச்சி, முட்டை, பருப்பு, பால் முதலியவற்றின் புரதம் செல்லும் பாதையும் லெவோடோபா செல்லும் பாதையும் ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் மருந்து பின்தள்ளப்படலாம். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு, அல்லது ஒரு மணித்தியாலம் பின்பு குளிசை எடுப்பது பலருக்கு நல்லது. இதற்காகப் புரதத்தை நிறுத்தி வாப்பாவை மெலியவிடாதீர்கள். நேரத்தைப் பிரித்தால் போதும். இரத்தக் குறைவுக்குத் தரும் இரும்புச் சத்துக் குளிசை லெவோடோபாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுக்குமிடையே குறைந்தது இரண்டு மணித்தியாலம் இருக்கட்டும். மகன் அனுப்பிய சத்து மாத்திரையிலும் இரும்பு இருக்கிறதா என்று பாருங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த குளிசைகளை விழுங்கக் கஷ்டம் என்று இடித்துக் கொடுக்கக்கூடாது.

ஜின்னா, மருந்தா?

இல்லாத பிள்ளைகளையும் பூனைகளையும் வபாத்தானவர்களையும் கண்டதாக இந்நோயாளர் சொல்வதுண்டு. உடனே வீட்டில் பயம் பரவும். நூல் கட்டுபவரைத் தேடிப் போவார்கள். ஜின் உண்டென்பது நமது ஈமானைச் சேர்ந்தது. ஆனால் நடுக்குவாத நோயாளருக்கு இத்தகைய தோற்றங்கள் நோயாலும், மருந்தின் அளவு கூடுவதாலும், பென்ஹெக்சோல் போன்றவற்றாலும், சிறுநீர்க் கிருமித் தொற்றாலும் வருவது வைத்திய உலகம் நன்கறிந்த விடயம். குர்ஆன் ஓதி ஷிபாவைக் கேளுங்கள். அதே நாளில் வைத்தியரிடமும் சொல்லுங்கள். ஹலோபெரிடோல், ரிஸ்பெரிடோன், ஒலன்சபின் போன்றவற்றை எவரேனும் தர வந்தால், ‘இவருக்கு நடுக்குவாதம்’ என்று முதலில் சொல்லுங்கள். குவெட்டியாபின், குளோசபின் என்று இவர்களுக்கு ஓரளவு பொருந்தும் மருந்துகள் இருக்கின்றன.

நோன்பும் உம்ராவும்

றமழான் நெருங்கும்போது என்னிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது: ‘மௌலவி, உம்மா நோன்பை விடமாட்டேன் என்கிறார். பகல் குளிசையை சஹரில் சேர்த்துக் கொடுக்கலாமா?’

கொடுக்கக்கூடாது. நம் நாட்டில் நோன்பு 13 மணித்தியாலத்துக்கு மேல் நீளும். நாலைந்து வேளை லெவோடோபா எடுப்பவர் அவ்வளவு நேரம் மருந்தின்றி இருக்க முடியாது. இரண்டு வேளை மருந்தை ஒன்றாக விழுங்கினால் சஹரில் மிகையாகும், ளுஹரில் ஒன்றும் மிஞ்சாது. திடீரென மருந்தை நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் நினைவு தடுமாற்றமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து வரலாம்.

நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை ஸூரத்துல் பகராவின் 184, 185ஆம் வசனங்களில் தெளிவாக உள்ளது. குணமாகும் என்று எதிர்பார்க்க முடியாத நோயாளி கழாச் செய்ய வேண்டியதில்லை. ஷாபிஈ மத்ஹபின்படி ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு முத்து அளவு பிரதான உணவுத் தானியத்தை ஏழைக்குக் கொடுப்பது போதும். ஆரம்ப நிலையில் ஒன்றிரண்டு குளிசை மட்டும் எடுப்பவர் நோன்பு நோற்கலாமா என்பதை அவரது நரம்பியல் நிபுணர் றமழானுக்கு முன்பே சொல்லட்டும். உம்மாவுக்கு இதைச் சொல்லும்போது கண்டிப்பாகச் சொல்லாதீர்கள். றப்பின் சலுகையை ஏற்பதும் அவனுக்குக் கீழ்ப்படிவதே என்று பக்கத்தில் அமர்ந்து சொல்லுங்கள்.

உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ போவோர் மருந்தைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். சவூதி நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். இங்கு காலை 8 மணி, அங்கு 5.30. குளிசைகளின் இடைவெளியைக் கணக்கிட்டு, புதிய நேரத்தை நிபுணரிடம் எழுதி வாங்கிச் செல்லுங்கள்.

இன்றே செய்ய வேண்டியவை

1. டின்னில் உள்ள எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஒரே கடதாசியில் எழுதுங்கள்: மூலப் பெயர், அளவு, நேரம், தந்தவர், எதற்காக. சூரணம், சத்து மாத்திரை, இருமல் பாணி எதையும் விடாதீர்கள்.

2. அந்தக் கடதாசியைக் கிளினிக் கொப்பியில் ஒட்டுங்கள். செனலுக்கும், ஊர் டொக்டரிடமும், பல்வைத்தியரிடமும், பாமசிக்கும் அதே கொப்பி போகட்டும். முடிந்தால் எப்போதும் ஒரே பாமசியில் வாங்குங்கள்.

3. குளிசை நேரங்களுக்குக் கைத்தொலைபேசியில் அலாரம் வையுங்கள். தொழுகை நேரம் ஆண்டு முழுவதும் நகரும்; குளிசை நேரம் கடிகாரத்தோடு நிற்க வேண்டும்.

4. குளிசை எடுத்த நேரம், நன்றாக நடந்த நேரம், கட்டிப்போன நேரம், விழுந்த நேரம் ஆகியவற்றை ஒரு வாரம் குறித்து வையுங்கள். கிளினிக்கில் கிடைக்கும் சில நிமிடங்களில் நிபுணருக்கு அதைவிட உதவியானது வேறில்லை.

5. வைத்தியசாலையில் அனுமதித்தால் வார்டில் சேரும்போதே, ‘இந்த நேரத்துக்கு இந்தக் குளிசை தவறக்கூடாது’ என்று சொல்லுங்கள். சத்திரசிகிச்சைக்கு முன் வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னால், நடுக்குவாத மருந்தை என்ன செய்வது என்று தனியாகக் கேளுங்கள்.

6. குளிசை முடிய ஒரு வாரத்துக்கு முன்பே அடுத்ததை வாங்குங்கள்.

இவ்வளவையும் ஒருத்தி மட்டும் சுமக்க வேண்டும் என்பதில்லை. கொப்பியை மகளும் மருமகளும் பார்க்கட்டும். ஆண்மக்களும் கிளினிக்குக்கு முறை வைத்துப் போகட்டும். நம்மை வளர்த்தவர்களின் உடல் இப்போது நம்மிடம் உள்ள அமானிதம். அதற்குள் போகும் ஒவ்வொரு குளிசையின் பெயரும் நமக்குத் தெரிந்திருப்பது அந்த அமானிதத்தின் ஒரு பகுதி. நோயுற்ற நம் பெற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் ஷிபாவை அருள்வானாக!